‘கர்த்தர் குறித்தது’ என்றால் குற்றவாளி யார்?

வாசகி ஒருவரின் கடிதம், சுருக்கமாக:

“ஐயா, எங்களுக்கு ஒரே மகள். ஏழு வயது. எட்டு மாதத்துக்கு முன்னால், பள்ளிக்கூட வாசலில், குடித்துவிட்டு வேன் ஓட்டி வந்த ஒருவர் மோதி எங்களை விட்டுப் போய்விட்டாள். அவளைக் கூட்டிவரப் போயிருந்த என் கணவரின் கண்ணெதிரே நடந்தது. அவர் மூன்று வருடமாக ஒரு வேதபாடக் குழுவுக்குப் போகிறார். பதினாறாம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி கால்வினின் போதனைகளைப் படிக்கிற குழு. அடக்க ஆராதனையிலும் அவர் அழவில்லை. ‘உலகத்தோற்றத்துக்கு முன்னே கர்த்தர் குறித்த நாள் இது’ என்றார். இப்போது வழக்கில் சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள். ‘கர்த்தர் குறித்ததைச் செய்தவனை நான் எப்படிக் குற்றவாளி என்பேன்?’ என்று போக மறுக்கிறார். எனக்கோ கோயிலில் பாட வாய் வரவில்லை. கர்த்தர் மேல் கோபம் கோபமாக வருகிறது. இரட்சிப்புக்கென்று தேவனால் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் இப்படி முறுமுறுக்கமாட்டார்கள் என்று குழுவில் ஒருவர் சொல்லிவிட்டார். என் பிள்ளையைக் கொன்றது கர்த்தரா? அந்த ஆள்மேல் குற்றமே இல்லையா? நான் தள்ளப்பட்டவளா? என் மகள் இப்போது எங்கே? அவள் புத்தகப் பை இன்னும் கொக்கியில் தொங்குகிறது. அதை எடுத்துவிட்டால்தான் தேவசித்தத்துக்கு ஒப்புக்கொடுத்ததாகும் என்கிறார்கள். எடுத்துவிடவா?”

அன்புள்ள சகோதரி,

நீங்கள் கேட்டவற்றில் ஒன்றுக்குக் கோர்ட்டில் நாள் குறித்துவிட்டார்கள். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கணவர் போக வேண்டும். கண்ணால் கண்டதைச் சொல்ல வேண்டும். அவர் மதிக்கிற கால்வினும் இதையேதான் சொல்லியிருப்பார்.

கால்வினுக்கு எதிரணியில் நின்று நான் இதை எழுதவில்லை. சீர்திருத்த மரபில் வளர்ந்த போதகன் நான். இரட்சிக்கப்படுகிறவர்களைத் தேவன் முன்னமே தீர்மானித்திருக்கிறார் என்கிற முன்குறித்தலை நம்புகிறேன், பல வருடம் வகுப்பில் கற்பித்தும் இருக்கிறேன். அந்தப் போதனை உங்கள் வீட்டில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று வாசித்தபோது அதனால்தான் எனக்கு நெஞ்சு பதறியது.

உங்கள் கணவர் கேட்கிற கேள்வி புதிதல்ல. கால்வினே அதை எழுதிவைத்திருக்கிறார். 1536-ல் பாசெல் நகரத்தில் சிறிய நூலாக வெளிவந்த அவருடைய இன்ஸ்டிடியூட்ஸ், அவர் திருத்தித் திருத்தி 1559-ல் நாலு புத்தகமும் எண்பது அதிகாரமுமாக முடிந்தது. முதல் புத்தகத்தின் 17-ஆம் அதிகாரத்தைப் பிரிக்கச் சொல்லுங்கள். தேவனுடைய பராமரிப்பைப் பற்றிப் பேசுகிற இடம் அது. அந்தப் போதனையைத் தலைகீழாகப் பிடிப்பவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று அங்கே வரிசையாகச் சொல்கிறார். அந்த வரிசையில் ஒன்று இது: தேவன் முடித்துவைத்த ஆயுளைத்தானே கொலைகாரன் முடித்தான், அவனை எதற்காகத் தண்டிக்க வேண்டும்? இப்படிக் கேட்கிறவர்களைக் கால்வின் பக்தர்கள் என்று பாராட்டவில்லை. நன்மை தீமை என்ற வேறுபாட்டையே இவர்கள் அழித்துவிடுகிறார்கள் என்கிறார்.

அவர் தருகிற பதில் எளிமையானது. தேவனுடைய சித்தத்தைச் செய்வது என்றால் அவர் கட்டளையிட்டதைச் செய்வது. அவருடைய மறைவான தீர்மானம் என்ன என்று கொலைகாரனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் கொலை செய்யாதே என்ற கட்டளை. அதை மீறித் தன் ஆசைப்படி நடந்தவன் தேவனுக்குக் கீழ்ப்படிந்ததாக எப்படிச் சொல்ல முடியும்? இந்த இடத்தில் கால்வின் ஓர் உவமை சொல்கிறார். வெயிலில் கிடக்கிற பிணம் நாறுகிறது. நாற்றத்தைக் கிளப்பியது வெயில்தான், ஆனால் வெயில் நாறுகிறது என்று யாரும் சொல்வதில்லை. அழுகல் பிணத்தில் இருக்கிறது. அந்த வேன்காரர் குடித்ததும், குடித்த பிறகு சாவியைக் கையில் எடுத்ததும், பிள்ளைகள் வெளியே வருகிற நேரத்தில் அந்த வேகத்தில் வந்ததும் அவருடைய காரியங்கள். அவற்றுக்கு அவர்தான் கணக்குக் கொடுக்க வேண்டும்.

இன்னொரு சம்பவமும் சொல்கிறேன், உங்கள் கணவரிடம் சொல்லுங்கள். கால்வின் காலத்தில் லிபர்ட்டீன்கள் என்று ஒரு கூட்டம் இருந்தது. நடப்பதெல்லாம் தேவன் செய்வதே, ஆகவே பாவம் என்று ஒன்று இல்லை என்பது அவர்கள் போதனை. 1545-ல் அவர்களைக் கண்டித்துக் கால்வின் ஒரு நூலே எழுதினார். அந்தக் கூட்டத்தின் தலைவர்களில் ஒருவன் கேன்ட்டன். ஒருநாள் தெருவில் ஓர் ஆள் கொலையுண்டு கிடக்கிறான். ஐயோ, இதைச் செய்தது யார் என்று பக்கத்தில் நின்ற விசுவாசி ஒருவர் பதறுகிறார். கேன்ட்டன் நான்தான் என்கிறான். அவர் திகைத்துப் பார்க்கவும், நானல்ல, தேவன்தான் செய்தார், நீ செய்வதும் நான் செய்வதும் எல்லாம் தேவன் செய்வதுதான் என்கிறான். இந்தப் பேச்சைக் கால்வின் எழுதியிருக்கிற சூட்டைப் பார்த்தால், கேட்ட இடத்திலேயே எழுந்து நின்றிருப்பார் போலத் தோன்றும். தேவனையும் பிசாசையும் இனி பிரித்தறிய முடியாதபடி இவர்கள் ஆக்கிவிட்டார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. அந்தத் தெருவில் உங்கள் கணவர் எந்தப் பக்கம் நிற்க நினைக்கிறார் என்று அன்பாகக் கேளுங்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு பழைய பெயர் இருக்கிறது, தலையெழுத்து. எழுதியது நடக்கும், நாம் செய்ய ஒன்றுமில்லை, யாரையும் நொந்துகொள்ள வேண்டாம் என்று சொல்வது நம் காதுக்குப் பழகிய ஆறுதல். பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த அந்த ஆறுதலையே, வசனம் போட்டுப் போர்த்தி, கால்வின் பெயரால் நாம் எடுத்துக்கொள்கிறோமோ என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. எல்லாம் விதிப்படியே நடக்கும், மனம் அசையாமல் ஏற்றுக்கொள் என்று போதித்த பழைய கிரேக்கத் தத்துவவாதிகள் ஸ்தோயிக்கர். கால்வின் காலத்திலும் இவர் போதிப்பது ஸ்தோயிக்கருடைய விதிதான் என்று குற்றம் சாட்டினார்கள். அவர் கடுமையாக மறுத்தார். நம் ஆயுளுக்கு எல்லை வைத்தவரே அதைக் காக்கும் பொறுப்பையும் நம் கையில் கொடுத்திருக்கிறார் என்றார். ஆபத்து வருமுன் தடுக்க வழி இருந்தால் அந்த வழியும் தேவன் கொடுத்ததே. நீதிமன்றம் அப்படி ஒரு வழி. ரோமர் 13-ல் பவுல், அதிகாரத்திலிருப்பவன் பட்டயத்தை விருதாவாய்ப் பிடித்திருக்கவில்லை என்கிறார். நாளைக்கு அதே வாசலில் வேறொரு பிள்ளை நிற்கும். பார்த்தவர் பேசாமல் இருந்துவிட்டால் அதைத் தேவசித்தம் என்று சொல்ல வேதத்தில் இடமில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. என் பிள்ளையைக் கொன்றது கர்த்தரா?

யோபுவின் ஒட்டகங்களைக் கல்தேயர் கொள்ளையடித்துப் போனதைக் கால்வின் எடுத்துப் பேசுகிறார். ஒரே சம்பவம். அதில் கல்தேயர் இருக்கிறார்கள், சாத்தான் இருக்கிறான், கர்த்தரும் இருக்கிறார். கல்தேயருக்கு வேண்டியது அடுத்தவன் சொத்து. சாத்தானுக்கு வேண்டியது யோபு நம்பிக்கையற்றுப்போவது. கர்த்தருடைய நோக்கம் இந்த இரண்டிலும் சேராது. நோக்கமும் செய்கிற விதமும் வேறு வேறாக இருக்கும்போது ஒருவருடைய குற்றத்தை இன்னொருவர் மேல் ஏற்ற முடியாது என்கிறார். யோசேப்பு தன் அண்ணன்மாரிடம் சொன்னதும் இதுதான். நீங்கள் எனக்குத் தீமை செய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்றான். நீங்கள் நினைத்தது தீமை என்கிற பாதியை அவன் விழுங்கிவிடவில்லை.

ஆகவே உங்கள் மகளின் உயிருக்கு எதிராக ஒரு பொல்லாங்கு நடந்தது. அந்தப் பொல்லாங்கு கர்த்தரிடமிருந்து பிறக்கவில்லை. நெதர்லாந்தில் சீர்திருத்த சபையார் கூடி 1619-ல் முடித்த டார்ட் மாநாடும், 1646-ல் இங்கிலாந்தின் வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதி முடித்த விசுவாச அறிக்கையும், நடப்பதெல்லாம் தேவனுடைய தீர்மானத்துக்குள் இருக்கிறது என்று சொல்லும்போதே தேவன் பாவத்துக்குக் காரணர் அல்ல என்பதையும் சொல்லிவிடுகின்றன. தேவனைப் பாவத்துக்குக் காரணராக்குவதை டார்ட் தேவதூஷணமான எண்ணம் என்றே குறிப்பிடுகிறது.

இங்கே நிறுத்திக்கொண்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மைதான் சொன்னவனாவேன். ஏனென்றால், அவர் தடுத்திருக்கலாமே என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். ஆம், தடுத்திருக்கலாம். கால்வின் இதை மழுப்பவில்லை. தேவன் செய்யவில்லை, வெறுமனே அனுமதித்தார் என்று சொல்லித் தப்பிக்கிற வழியையும் அவர் ஏற்கவில்லை. அதில் எனக்கும் உடன்பாடு உண்டு. தடுக்கக்கூடியவர் தடுக்கவில்லை என்பது, அனுமதித்தார் என்று சொன்னாலும் தீர்மானித்தார் என்று சொன்னாலும், பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு ஒரே வலிதான். மனுஷனுடைய சுயாதீனத்தைக் காக்கவே தேவன் விலகி நின்றார் என்பார்கள் கால்வினை ஏற்காத நம் சகோதரர்கள். ஒரு குடிகாரனின் சுயாதீனத்துக்கு என் மகள்தான் விலையா என்று நீங்கள் கேட்டால் அவர்களிடமும் பதில் இராது.

கால்வினும் ஓரிடத்தில் நடுங்கினார். சிலர் கெட்டுப்போவதற்கும் ஆதாமின் வீழ்ச்சிக்கும் பின்னால் தேவனுடைய தீர்மானம் இருக்கிறது என்று எழுதிவிட்டு, இது பயங்கரமான தீர்மானம், ஒத்துக்கொள்கிறேன் என்று லத்தீனில் ஒரு வாக்கியம் சேர்த்தார். அவர் எழுதிய ஹொர்ரிபிலே என்ற சொல்லுக்கு, கேட்டால் மயிர்க்கூச்செறிகிற அளவுக்கு அச்சமூட்டுவது என்று பொருள். அந்த நடுக்கத்தை மதிக்கிறேன். ஆனால் ஆதாமின் வீழ்ச்சியைத் தீர்மானத்தோடு அவர் இணைக்கிற அந்தக் கடைசிப்படிக்கு அவரோடு ஏற எனக்குத் துணிவில்லை. 1551-ல் ஜெரோம் போல்செக் என்கிற வைத்தியர், ஜெனீவாவில் போதகர்கள் கூடியிருந்த கூட்டத்தில் எழுந்து, இந்தப் போதனை தேவனையே பாவத்துக்குக் காரணராக்குகிறது என்று நேராகச் சொன்னார். கைதுசெய்து, விசாரித்து, அந்த ஆண்டு முடிவதற்குள் அவரை ஊரைவிட்டே துரத்தினார்கள். பாசெல், பெர்ன், சூரிச் நகரத்துச் சபைகளிடம் கருத்துக் கேட்டபோது, கால்வின் எதிர்பார்த்த ஆதரவு அங்கிருந்து முழுமையாக வரவில்லை. போல்செக்கின் முடிவு எனக்குச் சரியாகப்படவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை ஊரைவிட்டு அனுப்ப முடியாது. உங்கள் வீடு வரைக்கும் அது வந்திருக்கிறது.

ஏன் உங்கள் மகள், ஏன் அன்றைக்கு என்று நீங்கள் கேட்டால், எனக்குத் தெரியாது. கால்வினுக்கும் தெரியாது. அவர் உறுதியாகச் சொன்னது, உங்கள் மகள் தேவனுடைய கை எட்டாத ஓர் இடத்தில் விழுந்துவிடவில்லை என்பதைத்தான். நான் பிடித்துக்கொண்டிருப்பதும் அது ஒன்றைத்தான். அதற்கு மேல் காரணம் சொல்கிறவர் யாராக இருந்தாலும், உங்களுக்குப் பாடம் புகட்ட, குடும்பத்தைப் புடமிட, பிற்பாடு வரப்போகிற துன்பத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்ற என்று எதைச் சொன்னாலும், அவர் தீர்மானத்தின் ஏட்டைத் தான் படித்துவிட்டதாகச் சொல்கிறார். மறைவானவைகள் கர்த்தருக்கே உரியவை என்று உபாகமம் 29-இல் இருக்கிறது. அந்த வசனம் உங்கள் வாயை அடைப்பதற்காக எழுதப்படவில்லை. ஆறுதல் சொல்ல வருகிறவர்களுக்கு அது ஒரு வேலி.

லாசருவின் கல்லறைக்கு இயேசு போனதை இந்த வாரம் வாசியுங்கள், யோவான் 11. சற்று நேரத்தில் அவனை எழுப்பப்போகிறோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணீர் விட்டார். ஆவியிலே கலங்கினார் என்று நம் வேதாகமத்தில் இருக்கிற இடத்தில் கிரேக்கச் சொல்லுக்குச் சீற்றம் என்கிற பொருளும் உண்டு. போட்டிக்கு ஆயத்தமாகிற மல்லனைப்போல அவர் கல்லறையை நெருங்கினார் என்று கால்வின் விளக்கவுரையில் எழுதியிருக்கிறார். மரணத்தைப் பார்த்து அவர் சீறினார், சகோதரி. எல்லாவற்றையும் தீர்மானத்துக்குள் வைத்திருக்கிற தேவன் மரணத்தைச் சத்துருவாகவும் எண்ணுகிறார் என்ற இரண்டையும் ஒன்றாய்ப் பொருத்திக்காட்ட என்னால் முடியவில்லை. ஆனாலும் இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்கவும் மாட்டேன்.

உங்கள் கணவர் அழாமல் இருப்பதைப் பற்றி. அவர்மேல் கோபப்படாதீர்கள். கண்ணெதிரே பார்த்தவர் அவர். அந்தக் காட்சியிலிருந்து ஓடி ஒளிய அவருக்கு ஓர் இடம் தேவைப்பட்டிருக்கும். தீர்மானம் என்ற சொல் அவருக்கு அந்த இடமாகியிருக்கும். ஆனால் அழுவது அவிசுவாசம் என்று யாராவது அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தால், அது கால்வினிடமிருந்து வந்ததல்ல.

1541-ல் கால்வின் ரேகன்ஸ்பர்கில் ஒரு சமயப் பேச்சுவார்த்தையில் இருந்தபோது, ஸ்ட்ராஸ்பர்கில் கொள்ளைநோய் பரவி, அவருக்கு நெருங்கிய நண்பரான குளோட் ஃபெரே இறந்தார். அவரிடம் படித்துக்கொண்டிருந்த லூயி என்ற இளைஞனும் அடுத்த சில நாளில் போய்விட்டான். லூயியின் தகப்பனுக்குக் கால்வின் நீண்ட கடிதம் எழுதினார். செய்தி வந்த பிறகு பல நாள் அழுவதைத் தவிர வேறெதற்கும் உதவாதவனாக இருந்தேன் என்று அதில் ஒத்துக்கொள்கிறார். உன் மகனை எடுத்தவர் கர்த்தர் என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். சொல்லிவிட்டு, துக்கத்தையெல்லாம் விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை, தேவன் கொடுத்த மனுஷத்தன்மையைக் களைந்து கல்லாய்ப் போகச் சொல்கிற தத்துவத்தைக் கிறிஸ்துவின் பள்ளிக்கூடத்தில் நாம் படிக்கவில்லை என்கிறார். அடுத்த வருடம் ஜூலையில் அவருக்கே ஒரு மகன் குறைமாதத்தில் பிறந்து சீக்கிரமே இறந்தான். ஆழமான, கசப்பான காயம் என்று நண்பர் விரேவுக்கு எழுதினார். 1549-ல் மனைவி இடலெட்டும் போனார். இன்ஸ்டிடியூட்ஸில் சிலுவை சுமப்பதைப் பற்றிய அதிகாரத்தில், அழுவதையும் துக்கப்படுவதையும் குற்றமாக எண்ணுகிறவர்களைப் புதிய ஸ்தோயிக்கர் என்று கடிந்துகொள்கிறார். நம்முடைய ஆண்டவர் தம் துன்பத்துக்காகவும் அடுத்தவர் துன்பத்துக்காகவும் அழுதார் என்பதுதான் அவர் சொல்லுகிற காரணம். லூயியின் தகப்பனுக்கு எழுதிய அந்தக் கடிதத்தை உங்கள் கணவர் தேடி வாசிக்கட்டும். முடிந்தால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

நம் காலத்திலும் ஒருவர் உண்டு. அமெரிக்காவின் கால்வின் கல்லூரியில் தத்துவம் கற்பித்த நிக்கோலஸ் வோல்ட்டர்ஸ்டார்ஃப். 1983-ல் அவருடைய இருபத்தைந்து வயது மகன் மலையேறும்போது விழுந்து இறந்தான். இந்த மரபிலேயே பிறந்து வளர்ந்த தத்துவவாதி அவர். எந்த விளக்கமும் தன் மகனுடைய சாவுக்குப் பொருந்தவில்லை என்று எழுதினார். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் தன்னோடு துக்கத்தின் பலகையில் வந்து உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். ஊழியத்துக்கு வந்த புதிதில் ஒரு கைக்குழந்தையின் அடக்கத்தில், கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்ற யோபுவின் வசனத்தை வாசித்தேன். முடிந்ததும் குழந்தையின் பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “ஐயா, அந்த வசனத்தைச் சொன்னது பிள்ளையைப் பறிகொடுத்தவன். பார்க்க வந்தவன் சொல்லலை” என்றார். அதன்பிறகு அந்த வசனத்தை எந்த வீட்டிலும் நானாக வாசித்ததில்லை. அந்த வீட்டாரே சொன்னால் கூடச் சேர்ந்துகொள்வேன்.

யோபு என்றதும் உங்கள் மூன்றாவது கேள்வி. கர்த்தர் மேல் கோபப்படுகிறவள் தள்ளப்பட்டவளா? யோபு தான் பிறந்த நாளைச் சபித்தார். கர்த்தர் தன்னைக் குறிபார்த்து அடிக்கிறார் என்றார். அவருடைய நண்பர்களோ ஒவ்வொரு அதிகாரத்திலும் கர்த்தருக்காக வாதாடினார்கள். கடைசியில், என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் பேசவில்லை என்று கர்த்தர் சொன்னது அந்த நண்பர்களைப் பார்த்து. கர்த்தரை நோக்கிக் கோபப்படுகிறவர் இன்னும் கர்த்தரோடுதான் பேசிக்கொண்டிருக்கிறார். 88-ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். இருளில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. அதையும் சபையின் ஜெபமாக வைத்திருக்கிறது வேதம். உங்களுக்குப் பாட வரவில்லை என்றால் அதை வாசியுங்கள், போதும்.

டார்ட் மாநாட்டுத் தீர்மானங்களின் முதல் பகுதியில் 16-ஆம் பிரிவு உங்களைப்போன்றவர்களுக்காகவே எழுதப்பட்டது. விசுவாசத்தை நெஞ்சில் உயிரோடு உணர முடியாமல் தவிக்கிறவர்கள், தள்ளப்படுதல் என்ற பேச்சைக் கேட்டுக் கலங்கக்கூடாது, மங்கியெரிகிற திரியை அணைக்கமாட்டேன் என்றவர் இரக்கமுள்ளவர் என்று அதில் இருக்கிறது. உங்களிடம் அப்படிச் சொன்ன சகோதரருக்கு இன்னார் தெரிந்துகொள்ளப்படாதவர் என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. கால்வின் கொடுக்கவில்லை, டார்ட்டும் கொடுக்கவில்லை.

அதற்கு அடுத்த பிரிவு, 17, உங்கள் மகளைப் பற்றியது. விசுவாசிகளின் பிள்ளைகள் இளம்பிராயத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டால், அவர்கள் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் என்பதையும் இரட்சிக்கப்பட்டவர்கள் என்பதையும் பெற்றோர் சந்தேகிக்கக் கூடாது. பிள்ளைகளைத் தாயின் மார்பிலிருந்து பிடுங்கி நரகத்தில் தள்ளுகிற தேவனை நாங்கள் போதிக்கிறோம் என்பது எங்கள்மேல் சுமத்தப்பட்ட பழி என்று அந்த மாநாடு முடிவுரையிலும் மறுத்திருக்கிறது. அந்தப் பிரிவை எழுதியவர்கள் மனதில் கைக்குழந்தைகள்தான் இருந்திருக்கும். ஏழு வயதுக்காரிக்கு அது பொருந்துமா என்று யாராவது உங்களிடம் வாதிட வந்தால் என்னிடம் அனுப்புங்கள். நீங்கள் ஜெபம் சொல்லிக்கொடுத்துத் தூங்கவைத்த பிள்ளை அவள். நான் கொஞ்சமும் தயங்காமல் சொல்கிறேன், அவள் கர்த்தரிடத்தில் இருக்கிறாள். தாவீது தன் பிள்ளையைக் குறித்து, நான் அதினிடத்துக்குப் போவேன் என்று சொன்னதை நீங்களும் சொல்லலாம்.

உங்கள் கணவரிடம் வழக்கைப் பற்றிப் பேசும்போது வாதமாகப் பேசவேண்டாம். அவர் அங்கே நிற்க வேண்டுமென்றால் அந்த மாலைப்பொழுதை முதலிலிருந்து கடைசிவரை திரும்பப் பார்க்க வேண்டும். சட்டத்தைவிட, தீர்மானத்தைவிட, அவர் பயப்படுவது அதற்குத்தானோ என்று நினைக்கிறேன். வக்கீலிடம் சொல்லி, அன்றைக்கு நீங்களும் அருகில் இருக்க முடியுமா என்று கேளுங்கள். சபையில் நம்பிக்கையான ஓர் ஆளைக் கூட அழைத்துப்போங்கள். குழுவிலிருந்து ஒருவர் வந்தால் இன்னும் நல்லது. அவருக்குத் தூக்கமில்லாமல், சாப்பாடு இறங்காமல் இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கத் தயங்காதீர்கள். பராமரிப்பு என்று கால்வின் சொன்னதில் வைத்தியமும் அடங்கும்.

புத்தகப் பை இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். என்றைக்காவது அதைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உங்களுக்கோ அவருக்கோ தோன்றினால், இரண்டு பேருமாகச் சேர்ந்து திறந்து பாருங்கள். பார்த்துவிட்டு மறுபடி அதே கொக்கியில் மாட்டிவிடலாம்.